நூலாத்தாள் வைத்த காதுகுத்து

அந்தக் காலத்தில் மண்ணுக்கு மேலே இருந்தவர்களைவிட மண்ணுக்குள் இருந்தவர்கள்தான் அதிகம் பேசினார்கள். வேருக்கு வாய் இருந்தது. மரவட்டைக்கும் இருந்தது, அதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. கண்ணுக்கே தெரியாத நுண்ணிகளுக்கும் இருந்தது. இன்னொரு வழக்கமும் அப்போது உண்டு. ஒருவர் மனதாரச் சொன்ன சொல் காற்றோடு போகாது. சொன்னவர் உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் எல்லோரும் யோசித்துப் பேசினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மைப் போலத்தான், பேசிவிட்டு அப்புறம் யோசித்தார்கள்.

காங்கேயம் பக்கம் மாடு மேய்வதற்கென்றே விட்டுவைத்த புல்வெளியைக் கொறங்காடு என்பார்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரங்கள். அப்படி ஒரு கொறங்காட்டில், ஒரு வேலமரத்தின் அடிமண்ணில் நூலாத்தாள் என்ற பூஞ்சை குடியிருந்தாள். அவள் உடம்பு முழுக்க வெள்ளை இழைதான். உதிர்ந்த வேல இலை, காய்ந்த புல், மாட்டுச்சாணி என்று எது கிடைத்தாலும் அதற்குள் இழையை விட்டு, மக்கவைத்துச் சாப்பிடுவாள். யாருக்கும் கெடுதல் நினைக்காதவள். ஆனால் வீட்டு விஷயத்தில் கறார். இழையின் சுவர் கெட்டியோ கெட்டி. அதற்குள் அதுவரை ஒருவரும் நுழைந்தது கிடையாது.

அவ்வளவு கெட்டிச் சுவர் இருந்தும் அவளுக்கு ஒரு வெசனம் இருந்தது. அதன் பெயர் ஊசியான். அவன் ஒரு புழு. வாயில் ஊசி வைத்திருப்பான். சுவரில் ஊசியைக் குத்தி, உள்ளே ஓடும் சாற்றை உறிஞ்சிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போவான். மழை பெய்து அவள் நாலு விரற்கடை வளர்ந்தால், அவன் மூன்று விரற்கடையைக் குடித்துத் தீர்ப்பான். விதை விடுவதற்கென்று அவள் சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் அவன் வயிற்றுக்குத்தான் போனது.

அவளுக்குப் பக்கத்தில் ஒரு மணல்பருக்கை. அதைச் சுற்றி ஒரு மெல்லிய நீர்ப்படலம். அந்த நீரில் குடியிருந்தவன் நுண்ணப்பன். அவன் ஒரு நுண்ணி. படித்தவர்கள் இப்போது பாக்டீரியா என்கிறார்கள். பெயர்தான் பெரிதாகியிருக்கிறதே தவிர ஆள் அதே அளவுதான். அவன் உறவெல்லாம் முந்தின கோடையில் தண்ணீர் வற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டது. தனிக்கட்டை. தனியாக ஒரு அடுப்பு மூட்டி, கிடைத்ததை உலையில் போட்டுக் காய்ச்சிக் குடித்து, யாரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்துகொண்டிருந்தான். அவனிடம் ஒரு கைமருந்தும் இருந்தது. அது ஒரு கசப்புச்சாறு, அவனே காய்ச்சி எடுப்பது.

அந்த வருடக் கோடையில் அவன் வீட்டுத் தண்ணீரும் வற்றத் தொடங்கியது. காலையில் இடுப்பளவு இருந்தது மதியத்தில் முழங்காலளவு ஆனது. அவன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு நூலாத்தாளின் சுவரோரம் வந்து நின்றான்.

"ஏனுங் அம்மிணி, ஊட்டுல ஆருங்க?"

"ஆரது?"

"நாந்தானுங்க, பக்கத்துப் பருக்கை நுண்ணப்பன். எனக்குக் குடியிருக்கத் தண்ணி இல்லாமப் போச்சு. உங்க ஊட்டுக்குள்ள ஒரு மூலைல ஒண்டிக்கட்டுங்களா?"

"என்ற செவுத்துக்குள்ள ஆரும் வந்ததில்லீங்க. வரவும் முடியாது."

"வர முடியுமுங்க," என்றான் நுண்ணப்பன். "என்றகிட்ட ஒரு கசப்புச்சாறு இருக்குது. அதத் தடவுனா உங்க செவுரு இளகிக் குடுத்துரும். ஆனாலும் கேக்காம வர்றது மொறையில்லீங்களே."

கதவை உடைக்கத் தெரிந்தவன் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறான் என்றால் அவனை நம்பலாம் என்று அவளுக்குப் பட்டது. பிறகு அவள் கேட்டாள்.

"அந்தச் சாறு புழுவுக்கு ஆகுமுங்களா?"

"ஆகவே ஆகாது. ஒரு சொட்டுப் பட்டாச் சுருண்டுக்கும்."

"அப்ப உள்ள வாங்கண்ணா," என்றாள். கூப்பிட்ட வாயோடு அண்ணன் என்று சேர்த்துவிட்டாள். கொங்கு நாட்டில் அந்த வார்த்தையைச் சேர்த்தபிறகு திரும்ப எடுக்க முடியாது.

உள்ளே வந்ததும் நுண்ணப்பன் செய்த முதல் வேலை, ஒரு மூலை பார்த்து அடுப்பை வைத்துப் பற்றவைத்ததுதான். நூலாத்தாள் முகம் வாடிவிட்டது.

"என்னங்ணா இது, ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு ஒலையா? அண்ணனும் தங்கச்சியும் பாகம் பிரிஞ்சுட்டாங்கன்னு ஊரு பேசாதா? இந்தச் செவுத்துக்குள்ள ஓடறதெல்லாம் சாறுதான். கையத் தொட்டு நக்குனாப் போதும், பசியாறிரும். அடுப்ப அணைங்க."

நுண்ணப்பன் தயங்கினான். "என்ற அடுப்பு என்ற கையில இருக்கட்டும் அம்மிணி. நாளைக்கு ஒண்ணுன்னா..."

"நாளைக்கு என்ன ஆயிரும்? நானில்லியா?"

அவளுக்கு அது அன்பு. அவனுக்கும் அது அன்பு என்றுதான் பட்டது. சாறு காய்ச்சுகிற சின்னக் கலயத்தை மட்டும், அது அவள் உடம்புச் சூட்டிலேயே காயும் என்று வைத்துக்கொண்டு, சோற்றடுப்பை அணைத்தான். அணைத்த அடுப்பு அப்படியே கிடந்து, ஒருநாள் அவள் மண்ணோடு மண்ணாக அதைப் பெருக்கித் தள்ளியபோது அவன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். தீ மூட்டும் கை, மூட்டாமலே இருந்தால் மறந்துபோகும் என்று அவனுக்கு அப்போது தெரியவில்லை.

அந்த வாரமே ஊசியான் வந்தான். வழக்கம்போல ஊசியைக் குத்தினான். நுண்ணப்பன் கசப்பைக் கலந்துவைத்திருந்த சாற்றை ஒரு வாய் உறிஞ்சியவன் உடம்பை இரண்டு சுற்றுச் சுருட்டிக்கொண்டு, வந்த வழியே உருண்டு போனான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் தள்ளி நின்று மோப்பம் பிடித்துவிட்டுப் போய்விடுவான்.

ஐப்பசி மழை பெய்தது. வாழ்நாளில் முதல் முறையாக நூலாத்தாளிடம் கொழுப்பு மிச்சம் இருந்தது. மண்ணுக்கு மேலே காம்புகளை எழுப்பி, ஒவ்வொரு காம்பின் நுனியிலும் கருந்தலை வைத்து, தலை நிறைய விதைகளைப் பெற்றாள். பெற்ற பிள்ளைக்குக் காது குத்தினால்தான் அது காற்றோடு போய்ப் பிழைக்கும். விதைக்கு ஏது காது என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் இருந்தது, அவ்வளவுதான். காது குத்துவதென்றால் தாய்மாமன் மடி வேண்டும். நுண்ணப்பன் காம்பு வழியாக ஏறிப் போய், தலையின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு விதையையும் மடியில் வாங்கி, கசப்புச்சாற்றை நாக்கில் தொட்டுவைத்து அனுப்பினான். அவனுக்கு முன்னும் பின்னும் யாருமில்லை. அன்று மட்டும் அத்தனை பிள்ளைகள் அவனை மாமா என்றார்கள். அவன் அழுதான். அழுவதற்கு அவன் உடம்பில் அவ்வளவு நீர் இருந்ததே ஆச்சரியம்.

அதைப் பார்த்து நூலாத்தாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எல்லோரும் கேட்கச் சொன்னாள்: "இன்னைக்குச் சொல்றேன். என்ற அண்ணன் மடியில உக்காராத ஒரு விதையும் என்ற தலைல நிக்காது."

சொன்ன சொல் அவள் உடம்பில் போய்த் தங்கியது.

அப்படியே பல மழை போயிற்று. நுண்ணப்பன் அந்த வீட்டிலேயே இருந்தான். அவனுக்குப் பிள்ளை வேண்டுமென்றால் கல்யாணம் காட்சி ஒன்றும் தேவையில்லை. நுண்ணிகள் நடு இடுப்பில் ஒடிந்தால் ஒருவர் இருவராகிவிடுவார்கள். ஆனாலும் அவன் ஒடியவில்லை. அடுத்தவர் வீட்டில் இருந்துகொண்டு கூட்டம் சேர்க்கலாகாது என்று இருந்தான். அடுத்தவர் வீடு என்றுதான் அவன் மனதில் ஒரு ஓரத்தில் இருந்திருக்கிறது. நூலாத்தாளுக்கு அது தெரியாது.

ஒரு வருடம் தை மாதமே வெயில் ஏறியது. மண்புழுக்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஆழத்துக்கு இறங்கின. வேலமரத்து வேர் நூலாத்தாளிடம் சொன்னது: "இந்தத் தடவ சாதாரணக் கோடை இல்ல அம்மிணி. மூணு வருசம் மழை இல்லாமப் போகுமாட்ட இருக்குது. நானே தாங்குவனான்னு தெரியல. இழையெல்லாம் காஞ்சுரும். விதை போட்டு அனுப்பிரு. விதைன்னா எத்தன வருசமானாலும் தூங்கிக் கெடக்கும்."

நூலாத்தாளுக்கு வேறு வழி தெரியவில்லை. கையில் இருந்த கொழுப்பையெல்லாம் கணக்குப் பார்க்காமல் போட்டு நூறு காம்பு எழுப்பினாள். பெரிய காதுகுத்தாக வைத்துவிடுவது, ஒரு தலைமுறையே அதில் போய்ச் சேரவேண்டும் என்று முடிவு செய்தாள். ஊரை அழைத்தாள். அழைப்பதென்றால் சும்மா ஆள் விட்டுச் சொல்வதில்லை. இழை நுனியில் ஒரு துண்டு வேல இலை வைத்து, அவரவர் வாசலுக்குக் கொண்டுபோய் நீட்டி, "வந்து நடத்திக் குடுக்கோணும்" என்று சொல்லவேண்டும். வேருக்குப் போயிற்று ஒரு இலை. கரையான் குடும்பத்துக்கு ஒன்று. மரவட்டைக்கு ஒன்று. சிலந்திப்பேன் வீட்டுக்கு ஒன்று. எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்துப் பூஞ்சைக்குக்கூட ஒன்று.

உள்ளே உட்கார்ந்து நுண்ணப்பன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு இலையாகப் போனது. தனக்குக் கடைசியில் வரும் என்று நினைத்தான். மாமனுக்கான அழைப்பல்லவா, எல்லாம் முடித்து நிதானமாக வைப்பாள் என்று மேலெல்லாம் கழுவிக்கொண்டு காத்திருந்தான்.

நூலாத்தாளுக்கு நினைப்பு வராமல் இல்லை. கூடமாட வேலை செய்ய வந்திருந்த மரவட்டையிடம் கேட்டாள்: "அண்ணனுக்கு ஒரு எலை வெக்கோணுங்களா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க," என்றாள் மரவட்டை. "ஊட்டோட இருக்கறவருக்கு ஆராச்சும் அழைப்பு வெப்பாங்களா? வெச்சாத்தான், 'என்ன, புதுசா ஒறவு கொண்டாடறாங்க'ன்னு அவரு நெனப்பாரு. இருக்கற வேலையப் பாருங்க."

அதுவும் சரிதான் என்று நூலாத்தாள் விட்டுவிட்டாள்.

காதுகுத்து நாள் வந்தது. ஊரே வந்து உட்கார்ந்தது. நூறு காம்பும் நூறு தலையும் நின்றன. நூலாத்தாள் நாலு பக்கமும் ஓடிக்கொண்டே உள்ளே குரல் கொடுத்தாள்: "அண்ணா, நேரமாச்சு. மேல வாங்க."

நுண்ணப்பன் எழுந்திருக்கவில்லை. "எனக்கு எலை வரலியே அம்மிணி," என்றான்.

நூலாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு என்னத்துக்குங்ணா எலை? வெளையாடாம வாங்க, சனம் காத்துக்கிட்டு இருக்குது."

"மரவட்டைக்கு வெச்சியே."

"அவிய வெளியாளு. நீங்க அப்படியா?"

அவள் சிரித்த சிரிப்பு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழுந்தது, அவர்களும் சிரித்தார்கள். நுண்ணப்பன் கசப்புச்சாற்றுக் கலயத்தை எடுத்தான். சுவரில் தடவினான். வந்த வழியே வெளியே போனான். அவ்வளவு சிறியவன் போவதை யாரும் கவனிக்கவில்லை.

ரோசம் பெரியவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. இடம் கொடுத்த வீட்டில் இருப்பவனுக்கு அது இரண்டு மடங்கு இருக்கும். அதை நான் அதிகம் விளக்கவேண்டியதில்லை, உங்கள் வீட்டு விசேஷங்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அண்ணன் உள்ளே இல்லை என்று தெரிந்தபோதும், மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிடுவார் என்றுதான் நூலாத்தாள் நினைத்தாள். மத்தியானம் போயிற்று. சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மாமன் இல்லாமலே குத்திவிடலாம் என்று மரவட்டை சொன்னாள். நூலாத்தாள் அரைமனதோடு தலைகளைத் திறந்தாள்.

நூறு தலையும் காலியாக இருந்தன. ஒரு விதை இல்லை.

அன்றைக்குச் சொன்ன சொல் உடம்பில் இருக்கிறதே, அது தன் வேலையைச் செய்தது. அண்ணன் மடியில் உட்காராத விதை அவள் தலையில் நிற்கவில்லை. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார்கள். மரவட்டை எல்லோருக்கும் முன்னால் போனாள்.

நூலாத்தாளும் ரோசக்காரிதான். "அவராப் போனாரு, அவராவே வரட்டும். நான் என்ன குத்தம் பண்ணிப்போட்டேன்?" என்று மூன்று நாள் இருந்தாள். அந்த மூன்று நாளில் நூறு காம்பும் வெயிலில் சாய்ந்தன. நான்காம் நாள் மேல்மண் வெடித்தது. தன் உடம்பைத் தடவிப் பார்த்தாள். ஒரு பிடிக் கொழுப்பு மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஆழத்தில் சுருண்டு கிடந்தால் ஒரு கோடையை ஓட்டலாம். மூன்று கோடையை ஓட்ட முடியாது. முன்னால் காற்றில் போன பிள்ளைகள் எல்லாம் முளைத்து இழையாகிவிட்டவர்கள், மாமன் இல்லாமல் விதை விட முடியாதவர்கள்; அவர்களும் காய்ந்துபோனால் அவளோடு அவள் வம்சம் முடிந்துவிடும். விதை வேண்டுமென்றால் அண்ணன் வேண்டும். அண்ணன் எங்கே இருக்கிறான் என்று தெரியும். பழைய மணல்பருக்கைக்குத்தான் போயிருப்பான்.

பூஞ்சையால் நடக்க முடியாது. எங்கே போகவேண்டுமானாலும் வளர்ந்துதான் போகவேண்டும். வளர்வதற்குக் கொழுப்பு வேண்டும். போய்ச் சேர்ந்தபிறகு அவன் வரமாட்டேன் என்றால் அவளிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. அவள் அதையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டு வேல இலையைக் கிள்ளி ஒரு இழையின் நுனியில் வைத்து, காய்ந்த மண்ணுக்குள் வளரத் தொடங்கினாள். தூரம் என்னவோ இரண்டு நெல் நீளம்தான். அவளுக்கு அது காசிக்குப் போகிற மாதிரி.

நுண்ணப்பன் மணல்பருக்கையின் ஒரு பள்ளத்தில் மிஞ்சியிருந்த ஈரத்தில் கிடந்தான். நான்கு நாளாக அடுப்பு மூட்டப் பார்த்தான். கல்லைக் கூட்டினான், சுள்ளி வைத்தான், ஊதினான். எதை முதலில் வைப்பது, எதை அப்புறம் வைப்பது என்று கைக்குத் தெரியவில்லை. எத்தனையோ வருடம் தானே காய்ச்சிக் குடித்தவன், ஒரு வாய்க்கஞ்சி காய்ச்சத் தெரியாமல் பட்டினி கிடந்தான். கலயத்தில் ஒரே ஒரு சொட்டுக் கசப்புச்சாறு இருந்தது. அதைத் தடவி அவள் வீட்டுச் சுவரை இளக்கி உள்ளே போய்விடலாம். போவதா, கூப்பிடாத வீட்டுக்கா என்று கிடந்தான்.

அப்போதுதான் வெள்ளை இழை ஒன்று பருக்கையின் விளிம்பில் எட்டிப் பார்த்தது. நுனியில் இலை நடுங்கியது.

"அண்ணா," என்றாள் நூலாத்தாள். மூச்சு வாங்கியது. முறையாகச் சொல்லவேண்டும் என்று நிறுத்தி, மூச்சைச் சேர்த்து வைத்துச் சொன்னாள். "என்ற மக்களுக்குக் காதுகுத்து வெச்சிருக்கறேன். தாய்மாமன் நீங்கதான். வந்து மடி குடுத்து நடத்திக் குடுக்கோணும்."

நுண்ணப்பன் இலையைப் பார்த்தான். வாங்கவில்லை.

"இத மொதல்லயே குடுத்திருக்கலாமே அம்மிணி."

"குடுத்திருக்கலாம்."

"எட்டு மாசமாப் பேசாதவியளுக்கெல்லாம் குடுத்தியே."

"குடுத்தேன்." நூலாத்தாள் சாக்கு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்: "உள்ளயே இருந்தீங்க. இருந்து இருந்து, உங்கள நான் என்ற உடம்புன்னே நெனச்சுப்போட்டேன். அவிய அவிய உடம்புக்கு ஆராச்சும் அழைப்பு வெப்பாங்களாண்ணா?"

அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு இருக்கும் என்று நுண்ணப்பன் எண்ணியதே இல்லை.

"அது எனக்குத் தெரியாதே," என்றான். "நான் உன்ற ஊட்டுல சும்மா உக்காந்து திங்கறவன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அடுப்ப அணைச்சவன் நான். அணைச்சவனுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு எலைதான் அம்மிணி."

நூலாத்தாளுக்கு அந்த அடுப்பு நினைவுக்கு வந்தது. அதை அவள் பெருக்கித் தள்ளியது நினைவுக்கு வந்தது. அன்று அன்பு என்று நினைத்துச் செய்தது இப்போது பட்டினியாக எதிரே கிடந்தது. "நான் அத அணைக்கச் சொல்லியிருக்கக் கூடாதுங்ணா," என்றாள்.

நுண்ணப்பன் எழுந்து இலையை வாங்கிக்கொண்டான்.

வாங்கிய அதே நேரத்தில் இழை ஒரு தரம் துள்ளியது. பின்னாலிருந்து ஊசியான் வந்துவிட்டான். நாலு நாளாகக் கசப்பு வாடை இல்லாத இழையை மோப்பம் பிடித்து, கூடவே வந்திருக்கிறான். நடு இழையில் ஊசியைக் குத்தி உறிஞ்சத் தொடங்கினான். நூலாத்தாளிடம் இருந்ததே ஒரு கைப்பிடி. அதில் வளர்ந்து வந்தது போக மீதி இப்போது அவன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

நுண்ணப்பன் கலயத்தைப் பார்த்தான். ஒரு சொட்டு. அதைச் சுவரில் தடவினால் அவன் உள்ளே போகலாம். புழுவின்மேல் விட்டால் அவள் பிழைப்பாள். அவன் வெளியே நிற்பான். யோசிக்க நேரமிருக்கவில்லை, அவன் யோசிக்கவுமில்லை. இழையோடு ஓடி, ஊசி குத்தியிருந்த இடத்தில் அந்தச் சொட்டைக் கவிழ்த்தான். ஊசியான் சுருண்டான். விழுந்தடித்து ஓடினான்.

"போச்சாது, போனாப் போகுது," என்றான் நுண்ணப்பன், வெறுங்கலயத்தைக் காட்டி. "நீ போ அம்மிணி. எலை வெச்சுட்டே, அது போதும் எனக்கு. நான் உள்ள வர்றதுக்கு இனி வழியில்ல."

பூஞ்சையாய்ப் பிறந்தவள் எவளும் அதுவரை செய்யாத ஒன்றை நூலாத்தாள் செய்தாள். தன் சுவரைத் தானே உள்ளிருந்து கிழித்தாள். தோலை உரிப்பதுபோல வலித்தது. சாறு ஒரு பொட்டு வெளியே வழிந்து மண்ணில் போயிற்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்கண்ணா," என்றாள். நுண்ணப்பன் குனிந்து உள்ளே போனான். அவள் பின்னாலேயே சுவரை மூடினாள்.

நூறு காம்பு எழுப்பியவளிடம் அன்று ஒரே ஒரு காம்புக்குத்தான் தெம்பு இருந்தது. மயிரிழை போல ஒரு காம்பு. அதன் நுனியில் சின்னதாய் ஒரு தலை. ஊர் யாரும் வரவில்லை. வேலமரத்து வேர் மட்டும் காய்ந்த தொண்டையோடு பார்த்துக்கொண்டிருந்தது. நுண்ணப்பன் ஏறிப் போய் மடியை விரித்து உட்கார்ந்தான். தலையில் விதைகள் வந்து நின்றன. பதினொன்று.

மடியில் வாங்கியாயிற்று. நாக்கில் தொட்டுவைக்க அவனிடம் சாறு இல்லை. தாய்மாமன் வெறுங்கையோடு பிள்ளையை அனுப்பலாமா? முதல் விதையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கீழே பார்த்துச் சொன்னான்:

"அம்மிணி, நான் போன எடத்துக்கு நீ எலையத் தூக்கிக்கிட்டு வந்து கூப்பிட்ட பாடு உன்ற மக்களுக்கு வேண்டாம். மாமன் கூடவே போகட்டும். பொறக்கும்போதே உள்ள இருக்கட்டும்."

இத்தனை வருடம் ஒடியாதவன் அன்று ஒடிந்தான். நடு இடுப்பில் ஒடிந்து இருவரானான். ஒருவனை முதல் விதைக்குள் வைத்தான். மறுபடி ஒடிந்தான், இரண்டாம் விதைக்குள் வைத்தான். பட்டினி கிடந்த உடம்பு. ஒவ்வொரு முறையும் இன்னும் இளைத்தது. பதினோராம் விதைக்கு வரும்போது அவனைக் கண்டுபிடிப்பதே நூலாத்தாளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"போதுங்ணா," என்றாள். "கடேசி விதைக்குள்ள நீங்களே போயிருங்க. விதைக்குள்ள இருந்தாப் பொழைச்சுக்குவீங்க. இங்க என்றகூட இருந்தாக் காஞ்சு போயிருவீங்க."

நுண்ணப்பன் சிரித்தான். கடைசி முறையாக ஒடிந்தான். நுண்ணிகள் ஒடியும்போது எது தகப்பன், எது பிள்ளை என்று அவர்களுக்கே தெரியாது; இரண்டும் அதே ஆள்தான், இரண்டுக்கும் அதே நினைப்புத்தான். அவர்களில் ஒருவன் விதைக்குள் போனான். ஒருவன் நூலாத்தாளோடு இருந்தான். போனவனும் நுண்ணப்பன், இருந்தவனும் நுண்ணப்பன்.

சாயங்காலக் காற்று பதினோரு விதைகளையும் கொண்டுபோயிற்று.

வேர் சொன்னதுபோலவே மூன்று வருடம் மழை இல்லை. நூலாத்தாளின் இழைகள் அந்த முதல் கோடையிலேயே பொடியாகி மண்ணோடு கலந்தன. உள்ளே இருந்தவனும் அவளோடு போனான். அடுப்பு இருந்திருந்தாலும் அவன் வெளியே போயிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் வருடம் ஆடி கழிந்து ஒரு மழை வந்தது. கிளுவை வேலி ஓரத்தில், காய்ந்த சாணிக்கு அடியில் கிடந்த ஒரு விதை நனைந்து வெடித்தது. வெள்ளையாக ஒரு சின்ன இழை வெளியே வந்தது. அம்மா முகம் அதற்குத் தெரியாது. ஊர் எது, உறவு எது என்று தெரியாது. உள்ளே யாரோ இருப்பது மட்டும் தெரிந்தது.

"மாமா," என்று மெதுவாகக் கூப்பிட்டது. "இருக்கறீங்களா?"

"இருக்கறேன் சாமி," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அந்தப் பிள்ளை வளர்ந்தது. அதற்கும் காம்பு எழுப்பும் பருவம் வந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, காம்பு எழும்புமுன் அது ஒரு கணம் நின்று, தன் உடம்புக்குள்ளேயே திரும்பிக் கேட்டது: "மாமா, காது குத்தலாமுங்களா? வந்து நடத்திக் குடுக்கோணும்."

அன்று முதல்தான் நூலாத்தாள் வழியில் வந்த பூஞ்சைகள், பிறக்கும்போதே தங்களுக்குள் ஒரு நுண்ணியோடு பிறக்கின்றன. வெளியே எடுத்துப் போட்டால் அந்த நுண்ணிக்குத் தானே சமைத்துச் சாப்பிடத் தெரியாது. அவன் இல்லாத பூஞ்சையோ, எவ்வளவுதான் செழித்து வளர்ந்தாலும் அதன் தலையில் ஒரு விதை நிற்காது. அவன் எங்கேயும் போவதில்லை, போக வழியும் இல்லை. அப்படியிருந்தும் ஒவ்வொரு மழைக்கும், ஒவ்வொரு காம்புக்கும், அவனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அவை விதை விடுகின்றன.